சலம் சேர்க்கப் போன இடங்களில்

சலம் சேர்ப்பதும் ஓர் உத்தியோகம்தான். நம்பாதவர்கள் என் ஸ்கூட்டியின் பின் சீற்றில் ஐஸ் தண்ணீர் வடிந்து வடிந்து பிடித்த கறையை வந்து பார்க்கலாம். காப்புறுதிக்கு ஆள் பிடித்தவர்களே, குடிசன மதிப்பீட்டுக்குப் படலை படலையாகத் தட்டியவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. உங்களைக் கண்டதும் நாய் குரைத்திருக்கும், வீட்டுக்காரர் பின்பக்கத்தால் நழுவியிருப்பார். ஆனாலும் நீங்கள் கேட்டது பெயரும் வயதும்தான். நான் கேட்டதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

வேலை இதுதான். கிளிநொச்சிப் பக்கம் வாகனத்துக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறவர்கள், கதிரை மேசைக்குப் பொலிஷ் பூசுகிறவர்கள் எல்லோரும், பெயின்டையும் பொலிஷையும் இளக்கக் கலக்கிற தின்னரின் மணத்துக்குள் நாள் முழுக்க நிற்கிறவர்கள். அந்த மணம் மூச்சோடு உள்ளே போய் இரத்தத்தில் கலக்கும். அதில் சிறு பங்கு அப்படியே சிறுநீரிலும், எங்கள் பேச்சில் சலத்திலும், வந்து சேரும். சலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், ஆள் எவ்வளவு சுவாசித்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை அளக்க வந்தது. ஆய்வுகூடம் கொழும்பில், சலம் வன்னியில். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆய்வுகூட வேலை படித்துவிட்டுக் கண்டாவளையில் சும்மா இருந்த நான் அகப்பட்டேன்.

இந்தத் தின்னர் இருக்கிறதே, அது ஓரிடத்தில் நிற்காத சாமான். மூடியைத் திறந்து வைத்தால் பறந்துவிடும். சூட்டில் வைத்தால் பறந்துவிடும். ஆள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் உடம்பை விட்டே போய்விடும். அதனால் வேலை முடிகிற நேரத்தில், அந்த இடத்திலேயே வாங்கி, சின்னக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி அடைத்து ஐஸில் வைக்க வேண்டும். அளவு ஆகக் கூடுதலாக வருகிற பட்டறைக்கு, உள்ளே நிற்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் பெரிய காற்றாடி ஒன்றைக் குழுவே பூட்டிக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. ஒரே ஒரு பட்டறைக்குத்தான். அந்தக் காற்றாடிதான் என் நித்திரையைக் கெடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐஸ் பெட்டி

ஐஸை மீன் சந்தையில்தான் வாங்குவேன். வேறு எங்கே கிடைக்கும்? அதனால் வெள்ளை நுரைப் பலகையில் செய்த என் ரெஜிபோம் பெட்டி எவ்வளவு கழுவினாலும் மீன் பெட்டியாகத்தான் மணக்கும். ஒருநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா மாங்குளம் தாண்டும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்ல, “விளைமீனோ பிள்ளை, பாரையோ?” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். வெள்ளவத்தையில் மகள் இருக்கிறாளாம், நல்ல மீனே கிடைப்பதில்லையாம், கொஞ்சம் விலைக்குத் தரட்டாம்.

அந்த நேரம் பார்த்து கொண்டக்டர் வந்து, பெட்டியை மேலே தூக்கிப் போடட்டுமா என்றார். சரித்தால் போத்தல்கள் என்னாவது? வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் பின் சீற்றுக்குப் போனார். கொண்டக்டர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, நீங்கள் மீன் எண்டே சொல்லியிருக்கலாம்.”

அக்கராயனில் ஒரு சந்தேகம்

சலம் எடுக்கிறார்கள் என்ற கதை பரவியதும், குடிக்கிற ஆட்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஆண்கள் என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் நழுவினார்கள். பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அக்கராயனில் ஒரு பொலிஷ்காரரின் மனைவி, வயலில் நின்றவர், சேற்றுக் காலோடு றோட்டுக்கு ஏறி வந்து என்னை மறித்தார். “மிஸ், இவர் பின்னேரத்தில எவ்வளவு எடுக்கிறார் எண்டு உங்கட மெஷின் சொல்லுமோ?”

நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அக்கா, நாங்கள் சாராயத்தைப் பார்க்கிறதில்லை, பொலிஷில் கலக்கிற தின்னரைத்தான் பார்க்கிறம், அது தலையைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும், உங்கட மனுசனுக்குத்தான் நல்லது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு வரம்பில் இறங்கியபடி சொன்னார்: “அதைக் கண்டுபிடிக்க ஏலாட்டிப் பிறகென்னத்துக்குப் பிள்ளை இந்தச் சலத்தைக் காவிக்கொண்டு திரியிறீங்கள்?”

மணம் இல்லாத பெயின்ட்

இனி யோகராசா அண்ணை. சின்ன வயதில் தாய் தகப்பனோடு மலைநாட்டில் இருந்து வந்து வன்னியில் குடியேறியவர். கண்டி வீதியோரம் ஒரு கராஜில் பஸ், லொறி, உழவு மெஷின் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை இழுக்கலாம். அந்தப் பளபளப்புக்கு ஒரு விலை இருந்தது. பெயின்ட் காயுமுன் றோட்டுத் தூசி படக்கூடாது என்று கொட்டகையின் நாலு பக்கமும் பொலித்தீன் கட்டி அடைத்திருந்தார்கள். தூசி உள்ளே வராது. தின்னர் மணம் வெளியே போகாது. அதற்குள் வாயில் ஒரு துவாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் தலையை நீட்டியதும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது.

பின்னேரம் ஆனால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஸ்பிரே கன்னைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுவார். அவருடைய மனைவி சாந்தி அக்கா ஒருநாள் என்னிடம், “குசினியில கருவாடு கருகிப் புகையுது, இவர் பக்கத்தில இருந்து பேப்பர் வாசிக்கிறார் மிஸ்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போன இடங்களில் காற்றாடி கட்டாயம் வேண்டிய இடம் இதுதான் என்று அன்றைக்கே மனதில் எழுதிவிட்டேன். கராஜ் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். வருத்தம் என்றால் ஆஸ்பத்திரி சொல்லட்டும், அப்போது பார்ப்போம் என்றார். அண்ணையிடம், உள்ளே இவ்வளவு மணம், எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “எனக்கு ஒரு மணமும் வரேல்லை மிஸ், உங்களுக்குத்தான் மூக்குக் கூட. இது நல்ல பெயின்ட்.”

சுத்தமான கை

யோகராசா அண்ணையிடம் முதன்முதல் போத்தலைக் கொடுத்த நாள். மற்ற ஆண்கள் வெட்கப்பட்டு நெளிவார்கள். இவர் அப்படியில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் என்றால் மரியாதையாகக் கையாள வேண்டும் என்று நினைக்கிறவர். போத்தலை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கைவரை நீலப் பெயின்ட். கொஞ்சம் பொறுங்கோ மிஸ் என்று போனார். திரும்பி வந்து நிறைந்த போத்தலை நீட்டினார். கையில் ஒரு பொட்டு நீலம் இல்லை. போத்தலை வாங்கிய என் மூக்கில் தின்னர் ஏறியது. “கை எதால கழுவினீங்கள் அண்ணை?” என்று கேட்டேன். “சவுக்காரத்தில இது போகாது மிஸ். தின்னராலையே வடிவாக் கழுவிப்போட்டுத்தான் போத்தலைத் தொட்டனான்.”

தின்னரைத் தேடுகிற போத்தலுக்கு மேல் தின்னர்க் கை! பெயின்ட் அடிக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை வராது. அவர்களுக்கு அதுதான் சவுக்காரம். கையில் இருந்தது உள்ளே விழுந்திருந்தால் அளவு எக்கச்சக்கமாக வரும், அதை எவரும் நம்ப மாட்டார்கள். கொட்டிவிட வேண்டியதுதான். “அண்ணை, இதில தின்னர் கலந்திட்டுது, பழுதாப் போச்சு. இன்னொரு நாளைக்கு எடுப்பம்,” என்றேன். கையில் இருந்த தின்னரைத்தான் சொன்னேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். டொக்டருக்கு முன்னால் எல்லோரும் ஆட்டுகிற அதே ஆட்டம். நான் பெட்டியை மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறும்போது பின்னால் இருந்து மெல்லக் கேட்டார்: “அப்ப நான் பெயிலோ மிஸ்?”

நான் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

விபூதிப் பூச்சு

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வந்தது. பொங்கல் என்றால் எங்கள் பக்கம் பாதிக் கடை பூட்டு. வீடுகளில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் சமைக்க மாட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க ஒரு போத்தல்கூட எடுக்க முடியவில்லை. பொங்கல் முடிந்து, கராஜ் திறந்து, உள்ளே ஸ்பிரே சத்தம் கேட்கிறது என்று அறிந்த பிறகுதான் பெட்டியோடு போனேன்.

யோகராசா அண்ணை குளித்து முழுகி, வெள்ளைச் சேட்டும் விபூதியுமாக நின்றார். வேலை முடிந்து கிணற்றில் குளித்துவிட்டு நிற்கிறார் என்று நினைத்தேன். “இண்டைக்கு வேலையோ அண்ணை?” என்று கேட்கத்தான் செய்தேன். “ஓம் மிஸ், காலமை தொடங்கி வேலை,” என்றார். கையைக் கேட்குமுன்னே நீட்டிக் காட்டினார். சவுக்காரம் மணத்தது. எனக்குப் பெரிய சந்தோசம். சொன்னதை விளங்கிக்கொண்ட ஒரு மனிதரையாவது கண்டோமே என்று, போத்தலை அடைத்து ஐஸுக்குள் ஆழமாகப் புதைத்தேன். அவர் பெட்டியைப் பார்த்து, கோயிலில் கும்பிடுவதுபோல் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “இந்தமுறை தப்பாது மிஸ். அம்மாளாச்சி கைவிட மாட்டா.”

மூன்று போத்தல்

பரந்தனில் ஒரு தளபாடப் பட்டறை. பொலிஷ் வேலைக்கு மூன்று பேர். கொழும்பில் இருந்து முடிவு வந்தபோது அந்த மூன்று பேருக்கும் அளவு எகிறி இருந்தது. அதுவும் மூன்றும் ஒரே அச்சில். குழுவின் தலைவியான மேடம் போன் எடுத்து, எனக்கு இது பிடிக்கவில்லை, ஒருக்காப் போய்ப் பாரும் என்றார். போனேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூத்தவர் சிவம் அண்ணை ஒத்துக்கொண்டார். பின்பக்கம் போன மூன்று போத்தலையும் நிரப்பியது கேதீஸ் ஒருவன்தானாம். நான் தலையில் கைவைத்தேன். ஏன் அண்ணை இப்படி என்று கேட்டால், சிவம் அண்ணை மிக நியாயமாகப் பதில் சொன்னார்: “எங்களுக்குள்ள குடிக்காதவன் அவன் ஒருத்தன்தான் மிஸ்.”

கேதீஸ்தான் அங்கே பொலிஷை ஸ்பிரேயால் அடித்து மணத்தை ஆகக் கூடுதலாகச் சுவாசிக்கிற ஆள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மேடம் மற்ற இரண்டு பேரையும் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார். கேதீஸின் அளவு மட்டும் நின்றது. அதுவே எல்லாவற்றிலும் மேலே நின்றது. “யோகராசா அண்ணையின் அளவு?” என்று நான் கேட்டேன். “அவருக்கு ஒன்றுமே இல்லையே,” என்றார் மேடம். கண்ணெரிந்து நான் தலையை வெளியே இழுத்துக்கொண்ட அந்தக் கொட்டகைக்குள் நிற்கிற மனிதருக்கு ஒன்றும் இல்லை! நம்ப முடியவில்லை என்று சண்டை பிடித்தேன். மேடம் நல்ல மனிசி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு போத்தல் அனுப்பும். அதுவரைக்கும் காற்றாடியை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

பாஸ்

அன்றைக்கே யோகராசா அண்ணையின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு, விருந்தாளியை வரவேற்பதுபோல் வரவேற்றார். சாந்தி அக்கா தேத்தண்ணியும் ஒரு தட்டில் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். பல்கலைக்கழகக் கம்பஸில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து, ஐயா உங்கட சலத்தில ஒண்டும் இல்லை என்று சொல்லிவிட்டதாம். அக்காவின் முகம் முழுக்கப் பூரிப்பு. “பொங்கலுக்கு முதலே நேர்த்தி வைச்சவர் மிஸ். அண்டையில இருந்து பெயின்ட் பக்கமே தலை வைக்கேல்லை. நீங்கள் வந்த அண்டைக்கும் முதலாளியைக் கெஞ்சி, ஸ்பிரேயைக் கூட நிக்கிற பெடியனிட்டக் குடுத்திட்டு, வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போட்டு வந்தவர். இளநியா வாங்கிக் குடிச்சவர்.”

எடுத்த வாழைப்பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன். தின்னர் இருந்தால் பழுது என்று நான் சொன்னதை அந்த மனிதர் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்திருக்கிறார். நாட்கணக்காகப் பெயின்டைத் தொடாமல், உடம்பில் இருந்ததை எல்லாம் பறக்கவிட்டு, தண்ணீர்போல ஒரு போத்தல் நிரப்பித் தந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அது. அவரே அதைக் கழுவித் துடைத்துவிட்டார், நல்ல மனதோடு.

இந்தமுறை ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அண்ணை, இது பாஸ் பெயில் இல்லை. கூடுதலாக வந்தால்தான் உங்களுக்கு நல்லது. கூடுதலாக வந்தால் குழு காற்றாடி பூட்டித் தரும், முதலாளி ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. வழக்கம்போல நாளைக்கு வேலை செய்யுங்கோ, முடிய ஒரு போத்தல் தாங்கோ, அவ்வளவு போதும். உங்களுக்குத் தலை சுற்றுவதும், மணம் தெரியாததும், கையில் இருப்பதைத் தேடுவதும் இதனால்தான்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். விளங்கித்தான் இருந்தது. “மிஸ், அதில கூட வந்தா, காத்தாடி வாறதுக்குள்ள முதலாளி என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவார். வருத்தக்காரனை ஆர் வைச்சிருப்பினம்?” என்றார். பிறகு முகம் மலர்ந்து, ரிசல்ட்டை முதலாளியிடம் தானே போய்ச் சொன்னதையும், முதலாளி தோளில் தட்டிச் சந்தோசப்பட்டதையும் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை என்று கம்பஸே சொன்ன பிறகு என்ன பயம் என்று, பின்பக்கத்தில் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்த இடைவெளியையும் முதலாளி தகரம் அடித்து மூடிவிட்டாராம். இப்போது ஒரு தூசியும் இல்லையாம், வேலை கண்ணாடி மாதிரி வருகிறதாம்.

சாந்தி அக்காவுக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. பூரிப்பெல்லாம் போய், அண்ணையைப் பார்த்து, “ஒருக்காக் குடுங்கோவன் அப்பா, மிஸ் சும்மா கேப்பாவோ?” என்றார். நானும் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை போனால் காற்றாடியும் போய்விடும் என்றேன். கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் என்னைத் தேற்றுகிறவர்போலச் சிரித்து, வாழைப்பழத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். “அழாதேங்கோ மிஸ். பாஸ் பண்ணின சோதினையை ஆராவது திருப்பி எழுதுவினமோ?”

பொய் சொன்ன பட்டறைக்குக் காற்றாடி போனது, விரதம் இருந்த மனிசனுக்குத் தகரம் கிடைத்தது. சலம் சேர்த்துப் பிழைத்ததில் எனக்குப் பறந்துபோகாமல் மிஞ்சியது இந்த ஒரு கணக்குத்தான்.